நடைவேகம்

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது வேகத்தில்தான் போய் நிற்கிறது. எவ்வளவு ஓடும், எத்தனை மணிக்குப் புறப்பட்டு எத்தனை மணிக்குச் சேர்ந்தாய், வழியில் எத்தனை லாரிகளைத் தாண்டினாய் என்பவையே வழக்கமான கேள்விகள். எவ்வளவு மெதுவாக ஓட்டுவாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அந்தக் கேள்வி முறையாகக் கேட்கப்படும் இடங்கள் எங்களுக்குத் தெரிந்து இரண்டே. ஒன்று, பொங்கலை ஒட்டித் தெருவில் நடத்தப்படும் மெது சைக்கிள் போட்டி. மற்றது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்து மைதானத்தில் போடச் சொல்லும் எட்டு.

மெது சைக்கிள் போட்டியைப் பார்க்காத வாசகர்கள் குறைவாகவே இருப்பார்கள். சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே ஆளுக்கொரு தடம். காலை ஊன்றினாலோ அடுத்த தடத்தில் நுழைந்தாலோ வெளியே. கடைசியாக எல்லையைத் தொடுபவருக்கு எவர்சில்வர் தட்டு. ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்த பையன் இதில் பத்தடிக்குள் சாய்ந்துவிடுவதையும், தினமும் இருபுறமும் கேனைக் கட்டிக்கொண்டு சந்துகளில் வளைந்து வரும் பால்காரர் அசையாமல் நின்றபடி எல்லோருக்கும் கடைசியில் வருவதையும் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறோம். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மரியாதையும் கலந்திருக்கும்.

எட்டு இதைவிடக் கறாரானது. வட்டம் போடச் சொல்லாமல் எட்டுப் போடச் சொன்னவர் யாரோ, விஷயம் தெரிந்தவர். வட்டத்தில் ஒரே பக்கம் சாய்ந்தால் போதும். எட்டில் இடச்சாய்வும் வலச்சாய்வும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, வண்டி ஒரு கணம் நிமிர்ந்து பக்கம் மாறியாக வேண்டும். விழுகிறவர்கள் அனேகமாக அந்த நடுப்புள்ளியைத் தாண்டியதும்தான் விழுகிறார்கள்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும் நிலை எங்களுக்கு ஏற்பட்டது ஒரு பழைய புல்லட்டால். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமனார். ஆகவே இங்கே பெரியவர் என்றே சொல்லிவிடுகிறோம். எண்பதுகளின் நடுவில் புதிதாக வாங்கி, வேலூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு பள்ளிக்கு ஆசிரியராகப் பதினோரு ஆண்டுகள் அதில் போய்வந்தவர் அவர். வயது எழுபத்தொன்பது. கையில் நடுக்கம் கண்டபின் மருத்துவர் ஓட்டக்கூடாதென்று சொல்லிவிட்டார். சாவியை எங்களிடம் கொடுத்தவர் நிபந்தனையாக ஒன்றைச் சொன்னார்: அமிர்தி வழியாக மேலே ஒருமுறை அழைத்துப்போக வேண்டும், அதே வண்டியில். காரில் வளைவுக்கு வளைவு அவருக்குத் தலைசுற்றி வாந்தி வரும். பேருந்தில் போகலாமே என்றோம். "பஸ்ல போனா பஸ் நிக்கிற எடத்ததான் பாக்கலாம்" என்றார்.

மறுக்க முடியவில்லை. ஆனால் எழுபத்தொன்பது வயதில் இடுப்பெலும்பு முறிவதற்கு அறுபது கிலோமீட்டர் வேகம் தேவையில்லை. நின்றுகொண்டிருக்கும் வண்டி பக்கவாட்டில் சாய்ந்தாலே போதும். பெருஞ்சாலையில் நேராகப் போவது எங்களுக்குக் கவலையாக இல்லை. வளைவில், ஏற்றத்தில், முன்னால் ஆடுகள் நிற்கும்போது, மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் அவரோடு எப்படிப் போவது என்பதே கவலை. போதாததற்கு, எங்களில் ஒருவரிடம் கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே இருந்தது. வழியில் ஒருவருக்குக் கை சோர்ந்தால் மற்றவர் ஓட்டவேண்டும் என்பதால் முறைப்படி பழகுநர் உரிமம் வாங்கி, முன்னும் பின்னும் சிவப்பு எல் ஒட்டி, இருவரும் சேர்ந்தே பழகத் தொடங்கினோம்.

வண்டியைப் பற்றிச் சில வரிகள். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்துப் பெயர். இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட்டை எடுத்துக்கொண்டதைத் தொடர்ந்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கில நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பின்னர் திருவொற்றியூரிலேயே எல்லாம் உருவாயின. எழுபதுகள் பிறந்தபோது தாய் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. பிள்ளை சென்னையில் பிழைத்துக்கொண்டது. பெரியவரின் வண்டி அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வகை. 346 சி.சி. கொள்ளளவு. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். இப்படிக் குறுகி நீண்ட சிலிண்டரும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்ததால் இன்ஜின் நிதானமாக, கிணற்று மோட்டார் போல, துடிப்பை எண்ணும்படி ஓடும். சட்டென்று வேகமெடுக்காது, சட்டென்று அணைந்தும் போகாது. மெதுவாகப் போவதற்கென்றே செய்தது போன்ற இன்ஜின் அது. அதை வாங்கிச் சீறவிடுகிறவர்கள் வேறு வண்டி வாங்கியிருக்கலாம் என்பது எங்கள் தாழ்மையான எண்ணம்.

எடை 160 கிலோவுக்கு மேல். 2021இல் வந்த கிளாசிக் 350 இன்னும் கனம், 195 கிலோ. நாம் சாலையில் அதிகம் காணும் நூறு சி.சி. வண்டிகள் 110 கிலோவை ஒட்டியவை. ஆனால் எடையைவிட எங்களைச் சோதித்தது கால் மாறாட்டம்தான். பழைய புல்லட்டில் கியர் வலக்காலில், பின் பிரேக் இடக்காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவற்றுக்குக் கீழே மிதிக்க வேண்டும். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த புது இன்ஜின்களோடு இந்த ஏற்பாடு மறைந்துபோயிற்று. பெரியவருக்கு அதில் வருத்தம் உண்டு. எங்களுக்கு முதல் வாரம் இல்லை, பிறகு வந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

அமிர்தி வேலூரிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் அடிவாரக் காடு. 1967இல் அமைக்கப்பட்ட சிறு விலங்கியல் பூங்கா ஒன்று, இருபத்தைந்து ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது. வேலூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் ஒருமுறையாவது கட்டுச்சோற்றோடு சுற்றுலா போயிருக்கும் இடம். ஞாயிறன்று கூட்டம். வார நாட்களில் காலை வேளை ஆளரவமில்லாமல் இருக்கும். சாலையோரம் மரநிழலில் சமதரையான ஒரு மண்திட்டு எங்களுக்கு அமைந்தது. மாதக்கணக்கில் அதுவே எங்கள் மைதானம்.

கற்றுக்கொடுத்தவர் கண்ணமங்கலம் பக்கத்து மெக்கானிக். ஐம்பது வயதிருக்கும். புல்லட்டைத் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காதவர். முதல் நாள் எங்களை வண்டியில் ஏறவே விடவில்லை. வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பழைய சாக்குகளை விரித்து, பெட்ரோல் குழாயை மூடி, வண்டியை மெல்லப் படுக்கவைத்தார். "தூக்குங்க" என்றார்.

இருவர் சேர்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தால் வராது என்பதைச் செய்து காட்டினார். முறை வேறு. வண்டிக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இருக்கையின் விளிம்பில் இடுப்புக்குக் கீழே அணைத்துக்கொண்டு குந்த வேண்டும். ஒரு கையில் ஹேண்டில் பிடி, மறு கையில் பின்பக்கத்துக் கம்பி. முதுகை நிமிர்த்தியபடி, காலால் மட்டும் தள்ளி, குட்டிக்குட்டி அடிகளாகப் பின்னால் நடக்க வேண்டும். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால், தூக்கும் முன்பே பக்கவாட்டு ஸ்டாண்டைப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் தூக்கிய வேகத்தில் மறுபக்கம் போய்விடும். எங்களில் ஐந்தடி ஓரங்குலம் உயரமும் ஐம்பத்தெட்டுக் கிலோ எடையும் உள்ளவர் நான்காம் முயற்சியில் தனியாகத் தூக்கி நிறுத்தினார். அதற்கப்புறம் அந்த வண்டியின் மேலிருந்த பயத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்க வேண்டியதுதான்.

"வண்டியத் தூக்கிப் புடிக்கணும்னு நெனைக்காதீங்க சார். அது நிக்கறப்ப அதுக்குக் கனமே கெடையாது. சாயறப்பதான் கனம்" என்பது அவர் பாடம். கணக்குப் போட்டால் சரியாகவே வருகிறது. செங்குத்தாக நிற்கும் வண்டியின் பாரம் முழுதும் சக்கரங்கள் வழியே தரைக்குப் போய்விடுகிறது. சாய்வு கூடக் கூட, நம் கைக்கு வரும் பங்கு கூடுகிறது. ஐந்து பாகை சாய்ந்தபோது தாங்க வேண்டியதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு, முப்பது பாகை சாயும்போது தாங்க வேண்டும். ஐந்து பாகையில் இரண்டு விரல் செய்யும் வேலையை முப்பதில் இரு கைகளும் செய்ய முடியாது. ஆகவே பலம் என்பதைவிட, முதல் ஐந்து பாகைக்குள் கவனிப்பதே இதில் காரியம்.

இரண்டாம் நாள் தொடங்கி மூன்று வாரம் ஒரே பயிற்சி. மெக்கானிக் பக்கத்தில் நடப்பார். அவரை முந்தாமல் அவரோடு போக வேண்டும். அவர் பீடி பற்றவைக்க நின்றால் நாங்களும் காலை ஊன்றாமல் அனேகமாக நிற்க வேண்டும். இதற்கு மூன்று உறுப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டும். இடக்கை கிளட்ச்சை முழுக்கப் பிடிக்கவும் கூடாது, முழுக்க விடவும் கூடாது. நடுவில் இரண்டு விரல்கடைத் தூரம் இருக்கிறது; ஹாஃப் கிளட்ச் என்று ஊரெல்லாம் சொல்வது அதைத்தான். அந்த இடைவெளிக்குள்ளேயே வாழப் பழக வேண்டும். வலக்கை ஆக்ஸிலேட்டரைச் சற்றே திருகி அப்படியே வைத்திருக்க வேண்டும். கால் பின் பிரேக்கை லேசாக உரசிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்ஜின் தள்ளுகிறது, பிரேக் இழுக்கிறது; இரண்டுக்கும் நடுவில் செயின் தளர்வில்லாமல் விறைத்து நிற்கிறது. அப்போது வண்டியில் ஓர் அமைதி வரும். வெறுமனே ஆக்ஸிலேட்டரைக் குறைத்து மெதுவாகப் போனால் வண்டி தள்ளாடும். தள்ளுதலையும் இழுத்தலையும் சேர்த்துக் கொடுத்தால் அதே வேகத்தில் நிலைத்து நிற்கும். மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. இறக்கத்தில் கயிற்றைச் சற்றே இழுத்துப் பிடித்தபடியேதான் மாட்டை நடத்துவார்கள்.

முன் பிரேக்கை இந்த வேகத்தில் மறந்துவிட வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் முன்பக்கம் அமிழ்ந்து, வண்டி திரும்பிய பக்கமே மடங்கும். அதற்கு மேல் யாராலும் தாங்க முடியாது.

பழைய புல்லட்டின் கிளட்ச் ஸ்பிரிங் கடினமானது. மாலையில் முழங்கைக்குக் கீழே நரம்பு துடிக்கும், வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம். இப்படி அரைகுறையாகவே பிடித்துக்கொண்டிருந்தால் கிளட்ச் தேயாதா என்று கேட்டோம். எண்ணெயில் மிதக்கும் கிளட்ச், ஓரளவு தாங்கும் என்றவர், "கிளட்ச் ப்ளேட்டு போனா போவட்டும்க்கா, மாத்திக்கலாம். பெரியவரு இடுப்புக்கு ஸ்பேர் எங்க கெடைக்கும்?" என்றார்.

இருசக்கர வண்டி ஏன் நிற்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததைவிடச் சிக்கலான விஷயம். சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கில வேதியியலாளர் ஓட்டவே முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்துவிட முயன்றார். பம்பர விளைவை நீக்கும்படி எதிர்த்திசையில் சுழலும் சக்கரம் ஒன்றைச் சேர்த்தும், அவரால் அதை ஓட்ட முடிந்தது. முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, ஹேண்டில் அச்சு நீண்டு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருப்பதே முக்கியம் என்று அவர் முடிவு செய்தார். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த இரண்டு காரணங்களையும் நீக்கிய ஒரு சிறு வண்டியைச் செய்து உருட்டிவிட, ஆளில்லாமலே அதுவும் நின்று ஓடியது! ஒரே காரணம் என்று ஒன்றில்லை போலிருக்கிறது.

எங்களுக்குப் பயன்பட்டது வேறு ஒரு தகவல். 2007இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, சாதாரண சைக்கிள் ஒன்று நொடிக்கு 4.3 மீட்டர் முதல் 6 மீட்டர் வரையிலான வேகத்தில், அதாவது மணிக்குப் பதினைந்து முதல் இருபத்திரண்டு கிலோமீட்டர் வரையில், தானாகவே நிமிர்ந்து ஓடும். மோட்டார் சைக்கிளுக்கு எண்கள் மாறலாம். சங்கதி ஒன்றுதான். ஒரு வேகத்துக்கு மேல் வண்டி தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது. அதற்குக் கீழே அது நம்மிடம் வந்துவிடுகிறது. அறுபதில் சாலையில் பறக்கிறவன் தான் ஓட்டுவதாக நினைத்துக்கொள்கிறான். பாதி வேலையை வண்டி செய்கிறது. ஐந்து கிலோமீட்டரில் முழு வேலையும் நம்முடையது. உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடும் சிறுவன், கம்பு சாயும் பக்கமே கையை நகர்த்துகிறான் அல்லவா? அதுபோல வண்டி சாயும் பக்கமே ஹேண்டிலைத் திருப்பினால், சக்கரங்கள் எடைக்கு அடியில் போய் நின்று நிமிர்த்திவிடும். வேகம் குறையக் குறைய இந்தத் திருப்பல் பெரிதாக வேண்டும். அதற்குத் தோளும் முழங்கையும் தளர்ந்திருக்க வேண்டும். பயந்தவன் கை முதலில் இறுகிவிடுகிறது, அதனாலேயே விழுகிறான்.

இன்னொன்று கண். மெக்கானிக் நடுவில் ஒரு கிழிந்த டயரைப் போட்டு அதைச் சுற்றிவரச் சொன்னார். டயரைப் பார்த்தால் டயர்மேல் ஏறினோம். போக வேண்டிய இடத்தைத் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால் வண்டி அங்கே போயிற்று. வண்டியை உள்பக்கம் சாயவிட்டு, உடம்பைச் சற்று வெளிப்பக்கம் நிறுத்திக்கொண்டால் வட்டம் சிறுத்தது. ஒரு மாதத்தில் ஒற்றைத் தடச் சாலையின் அகலத்தை எட்டிவிடாமல் திரும்ப முடியவில்லை என்றாலும், இரட்டைத் தட அகலத்துக்குள் கால் ஊன்றாமல் திரும்பினோம். எட்டுத் தேர்வு அதற்குப் பிறகு பெரிய விஷயமாக இல்லை. அன்று மைதானத்தில் புல்லட்டில் எட்டுப் போட்ட பெண் ஒருவரே. காலை ஊன்றவில்லை. ஆய்வாளர் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, "யார் வண்டிம்மா இது?" என்று மட்டும் கேட்டார்.

மலைச்சாலை தனிப் பாடம். நாம் இடப்பக்கம் ஓட்டும் நாட்டவர். ஆகவே ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு உள்வட்டமாக அமைந்துவிடுகிறது. குறுகலும் அதிகம், செங்குத்தும் அதிகம். வளைவின் உள்மூலையில் சாலை படிபோல எழும்பும். வெளிப்பக்கத்திலிருந்து அகலமாக எடுத்து, முதல் கியரில், இன்ஜின் இழுத்துக்கொண்டே இருக்கும்படி ஏற வேண்டும். நடுவில் மனம் மாறி ஆக்ஸிலேட்டரை விட்டால், சரிவுப் பக்கத்துக் காலுக்குத் தரை எட்டாது. கனமான வண்டிகள் அதிகம் விழுவது இந்த இடத்தில்தான். பின்னால் ஆள் இருந்தால் முன்சக்கரம் இன்னும் லேசாகி, திரும்ப மறுக்கும்.

வலக்கால் கியரின் அருமை இங்கேதான் தெரிந்தது. நம் சாலைகள் நடுவில் மேடிட்டு ஓரத்தில் சரிபவை. புது வண்டிகளில் வலக்கால் பிரேக்கில் இருப்பதால், நிற்கும்போது இடக்காலை ஊன்ற வேண்டும். அதாவது பள்ளமான பக்கத்தில். பெரியவரின் வண்டியில் இடக்கால் பிரேக்கில் இருக்க, வலக்கால் சாலையின் மேடான பக்கத்தில் ஊன்றும். குட்டையானவர்களுக்கு அந்த இரண்டு அங்குலம் பெரிய உபகாரம். திட்டமிட்டுச் செய்ததாக இருக்காது. இருந்தாலும் நன்றி சொல்லிக்கொண்டோம். நிற்கும் முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஏற்றத்தில் இன்ஜின் அணைந்துவிட்டால் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஸரை இழுத்து, பிஸ்டனை உச்சி தாண்டவைத்து உதைக்கும் சடங்கை, பின்னால் பெரியவரை வைத்துக்கொண்டு சரிவில் செய்ய முடியாது.

பயிற்சி நடந்த மாதங்களில் ஞாயிறுகளையும் சில முறை பார்க்க நேர்ந்தது. சைலன்சரை மாற்றிய வண்டிகள் வரிசையாக வரும். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பூங்காவின் மான்கள் வேலியின் மறுகோடிக்கு ஓடி ஒடுங்கும். மலைமேலிருந்து இறங்கிவரும் மலையாளி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நாங்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள், தலைச்சுமையோடு சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் நிற்பார்கள். வண்டிகள் போனபின் ஏறுவார்கள். அந்த இளைஞர்களில் பலர் கெட்டிக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு கிழவி கடக்கும்வரை காலூன்றாமல் அவள் பின்னே ஊர்ந்து போகும் கெட்டிக்காரத்தனத்தை அவர்களிடம் காண முடியவில்லை. மெதுவாக ஓட்டத் தெரியாதவனுக்கு, மெதுவாகப் போக வேண்டிய இடங்களிலெல்லாம் ஹாரன்தான் வழி.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பெரியவரை ஏற்றிக்கொண்டோம். மற்றவர் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார். அவரைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லியிருந்தோம். அவர் பிடிக்கவில்லை, முழங்கால்களால் அணைத்துக்கொண்டு, வளைவுகளில் எங்களுக்கு முன்பே சரியான அளவுக்குச் சாய்ந்தார். பின்னால் பாரம் இருப்பதே பல இடங்களில் தெரியவில்லை. நாற்பதாண்டுப் பழக்கம்.

பாதி ஏற்றத்தில் ஓர் இடப்பக்க வளைவில் மேலிருந்து பேருந்து வந்தது. ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னுக்கு வாங்கியது. நாங்கள் அதற்குக் கீழே, சரிவில். வலக்கால் தரையில், இடக்கால் பிரேக்கில், கிளட்ச் பாதியில். பேருந்தின் பின்புறம் எங்களை நோக்கி வந்து நின்றது. நடத்துநர் விசிலை வாயில் வைத்தபடி எங்களைப் பார்த்தார். புல்லட் தட்தட்டென்று துடித்துக்கொண்டிருந்தது. பெரியவர் அசையவில்லை. பேருந்து முன்னால் நகர்ந்து, மறுபடி ஒருமுறை வாங்கி, எங்கள் தோளுக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்துபோனது. கிளட்ச்சை ஒரு நூல் விட்டோம். வண்டி ஏறிற்று. அடுத்த வளைவு தாண்டும்வரை மூவரும் பேசவில்லை.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது புதுக் கட்டடம். பெரியவர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவரிடம் படித்ததாகச் சொன்ன ஒருவர், அவருக்கே அறுபது நெருங்கியிருக்கும், தேனும் சாமைச் சோறும் கொடுத்தார். அவர்கள் பேசியது எங்களுக்கில்லை என்பதால் நாங்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டோம். இறங்கும்போது முதல் கியரிலும் இரண்டாவதிலும் இன்ஜினே பிடித்துக்கொள்ளும்படி விட்டு, பிரேக்கை அதிகம் தொடாமல் வந்தோம். அடிவாரம் வந்து பூங்காவைக் கடக்கும்போது பெரியவர் முதன்முறையாக ஓட்டுவதைப் பற்றி வாய் திறந்தார்.

"நாலாவது கியர் இருக்குதா, கழட்டிட்டீங்களா?"

கண்ணமங்கலத்தில் நிறுத்திக் காட்டியபோது கிளட்ச் கேபிளில் இரண்டு இழை அறுந்திருந்தது. மாற்றிக்கொண்டோம். பலாப்பழக் காலத்தில் இன்னொரு தடவை போகலாம் என்கிறார். அதற்குள் எங்களில் மற்றவர், பின்னால் ஆள் வைத்துக்கொண்டு அந்த இடப்பக்க வளைவுகளைப் பழகியாக வேண்டும். மெக்கானிக் தன் மகனைப் பின்னால் உட்காரவைக்கச் சம்மதித்திருக்கிறார். மகனிடம் இன்னும் கேட்கவில்லையாம்.